அப்பா அளந்து வைத்த குழாய்

அப்பாவுக்குப் பழைய அளவுகருவிகள் என்றால் உயிர். சென்ட் லோரன்ட் தொழிற்சாலை ஒன்றில் முப்பது வருடம் கடைசல் இயந்திரத்தில் நின்றவர், ஓய்வுக்குப் பிறகு பியர்பொன்ட்ஸில் உள்ள எங்கள் வீட்டின் கராஜை அவற்றால் நிரப்பினார். சென்ற கோடையில் அடுத்த தெருவில் ஒரு வீட்டைக் காலிசெய்து சாமான்களை விற்றார்கள். அங்கே கருவிகள் நிறைந்த ஒரு மரப்பெட்டி வாங்கி வந்தார். அதன் அடியில் ஓர் இரும்புக் குழாய் கிடந்தது. ஏதோ எண்ணெய் வடிகட்டி என்று நினைத்துத் துருவைத் துடைத்தார். உள்ளே அடுக்கியிருந்த வளையங்களை ஒவ்வொன்றாக அளந்து கொப்பியில் எழுதியும் வைத்தார்.

நான் விமானப் பாகங்களைப் பரிசோதிக்கும் வேலை பார்க்கிறேன். குழாயை வாங்கிப் பார்த்ததும் விளங்கிவிட்டது. அது துப்பாக்கிச் சத்தத்தை அடக்கும் சைலென்சர்.

"வடிவான வேலை, பிள்ளை. கையால கடைஞ்சிருக்கிறான்," என்றார் அப்பா.

அதை அவருக்காக வைத்திருக்க ஏதாவது வழி உண்டா என்று இரண்டு நாள் சட்டத்தைப் படித்துப் பட்டியல் போட்டேன். மிகப் பழைய துப்பாக்கிகளுக்குச் சலுகை உண்டு, சைலென்சருக்கு இல்லை. துருப்பிடித்து, பாதி வளையங்கள் காணாமல் போயிருந்தாலும், எதற்காகச் செய்யப்பட்டது என்பதைத்தான் சட்டம் பார்க்கிறது. உரிமம் உள்ள அருங்காட்சியகம் வைத்திருக்கலாம், நாங்கள் முடியாது. காரில் கொண்டுபோய்க் கொடுப்பதுகூடப் பிழையாகலாம். பொலிசுக்குச் சொல்லி, அவர்களே வீட்டுக்கு வந்து எடுக்கவேண்டும்.

கடைசி வரியில்தான் இடித்தது. ஊரில் ஒரு காலை பொலிஸ் தன்னைத் தேடி வந்த கதையை அப்பா எனக்கு ஒருமுறை சொல்லத் தொடங்கிப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். இங்கேயும் பொலிஸ் காரைக் கண்டால் தெருவின் மறுபக்கம் மாறிவிடுவார்.

"ஆத்தில போட்டா அலுவல் முடிஞ்சுது," என்றார்.

"போடமாட்டியள் அப்பா. கொப்பியில எழுதியெல்லோ வச்சிருக்கிறியள்."

அம்மா சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

நான் பொலிசுக்குத் தொலைபேசியில் சொன்னேன். சனிக்கிழமை காலை வருவதாகச் சொன்னார்கள். அப்பாவிடம், அந்த நேரம் அம்மாவோடு மாதா கோயிலுக்குப் போய்விடுங்கள், நான் கண்டெடுத்ததாகச் சொல்கிறேன் என்றேன். ஓம் என்றார்.

சனிக்கிழமை வாசல் மணி அடித்தபோது அம்மா மட்டும்தான் போயிருந்தார். அப்பா மடிப்புக் கலையாத சட்டையோடு எனக்கு முன்னால் வந்து நின்றார். கையில் ஒரு கோப்பு. அதில் அகதிக் கடிதம், குடியுரிமைச் சான்றிதழ், வீட்டு உறுதிப் பத்திரம், என் ஞானஸ்நானப் பத்திரம்கூட.

வந்த இளம் பெண் அதிகாரி, இதை யார் கண்டெடுத்தது என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் அப்பா தன் தொழிற்சாலைப் பிரெஞ்சில், தான்தான் என்றார். எங்கே வாங்கினார், என்னவென்று நினைத்தார், எல்லாம் சொன்னார். பிறகு கோப்பைத் திறந்து நீட்டினார். அது தேவையில்லை, நன்றி என்று சொல்லி, அதிகாரி குழாயைப் பையில் போட்டுக்கொண்டு போனார்.

கார் மறையும்வரை அப்பா கதவைச் சாத்தவில்லை.

"என்ர பிழையை உன்ர தலையில போடப் பாத்தனி, என்ன?"

"நீங்கள் கோயிலுக்குப் போவியள் எண்டு நினைச்சன்."

"உன்னைத் தனிய விட்டிட்டோ?" கோப்பை நெஞ்சோடு அணைத்திருந்தார். "என்ர கை நடுங்கினது அந்தப் பொலிஸ் பிள்ளைக்குத் தெரிஞ்சிருக்குமோ?"

நடுக்கம் இன்னும் நிற்கவில்லை. கோப்பை மெல்ல வாங்கிக்கொண்டு, இல்லையப்பா என்றேன்.