நான்காம் வீட்டுக் கொலைகாரன்

குழந்தைகள் பக்கத்துக்கு எழுதுகிறவனுக்கு வாசகர்கள் கடிதம் போடுவார்கள். பெரியவர்களுக்கு நாவல் எழுதியவனை நேரிலேயே பிடித்துவிடுவார்கள். முப்பது வருஷம் பிள்ளைகளுக்குப் புதிரும் கதையும் எழுதிவிட்டு, ஓய்வுக்குப் பிறகு ஒரு சரித்திரத் துப்பறியும் நாவல் எழுதினேன். வெள்ளைக்காரர் காலத்தில் கல்வராயன் மலையில் ஒரு காட்டிலாகா ரேஞ்சர் செத்துக் கிடந்தார். கொன்றது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சாவு உண்மை, கொலைகாரன் என் கற்பனை. புத்தகம் போட்டு அவதிப்பட்ட அன்பர்களுக்கு மீதியைச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்.

கடைசிப் பக்கம்

நைனார்பாளையத்தில் உரக்கடை வைத்திருப்பவர் என்னைப் பஸ்ஸில் அடையாளம் கண்டு பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கொலைகாரனை இருநூறு பக்கம் மறைத்துவைக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். அவர் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்திருந்தார். கொலைகாரன் கற்பனை என்று பின்னுரையில் எழுதியிருந்தேனே, பார்த்தீர்களா என்று கேட்டேன்.

"கதை முடிஞ்சப்புறம் இன்னா சார் படிக்கிறது? கொன்னவன் ஆப்ட்டுட்டான், மூடி வெச்சிட்டேன்."

விடை

களமருதூர் நூலகத்தில் பேசக் கூப்பிட்டார்கள். நடவு முடித்து வந்த பெண்கள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். விறகு பொறுக்கும் பெண்களை ரேஞ்சர் அடிக்கும் இடத்தை ஒருவர் படித்துக் காட்ட, மற்றவர்கள் கேட்டிருந்தார்கள். புதிர் போட்டால் விடை சொல்லியாக வேண்டும், அது குழந்தைகள் பக்கத்துப் பழக்கம், அதனால்தான் ஒரு கொலைகாரனைக் கற்பனை செய்தேன் என்று விளக்கினேன். முன்வரிசையில் இருந்தவர் எழுந்தார்.

"அந்த ஆளு செத்தா செத்துட்டுப் போறான். அவனைக் கொன்னவன ஏன் சார் புடிச்சிக் குடுத்தீங்க?"

முறை

மலையில் சாமை கதிர் வைத்ததும் காட்டுப்பன்றி இறங்கும். வீட்டுக்கு ஒரு ராத்திரி என்று முறை வைத்துக் காவல் இருப்பார்கள். கோயிலிலிருந்து எண்ணினால் முதல் வீடு, இரண்டாம் வீடு. அந்த வரிசை தலைமுறை தலைமுறையாக மாறுவதில்லை. என் துப்பறிவாளர் ராத்திரிகளை எண்ணித்தான் கொலைகாரனைக் கண்டுபிடிக்கிறார்: ரேஞ்சர் செத்தது நான்காம் ராத்திரி, காவல் இருந்தது நான்காம் வீடு. ஆள் பெயரை மட்டும் மாற்றினேன். ஊர்ப் பெயரையும் வரிசையையும் உள்ளபடியே வைத்துவிட்டேன்.

வெள்ளிமலைக்கு மேலே இருக்கும் அந்த ஊரிலிருந்து சின்னப்பொண்ணு என்ற பெண் கள்ளக்குறிச்சிக்கு என் வீடு தேடி வந்தார். நான்காம் வீட்டுக்காரர். நாற்காலி போட்டேன், உட்காரவில்லை. புத்தகத்தைப் பற்றி ஊரில் யாரும் அவர்களிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். ஆனால் இந்த வருஷம் முறை மூன்றாம் வீட்டிலிருந்து நேரே ஐந்தாம் வீட்டுக்குப் போய்விட்டது.

"பன்னி வெரட்டத் தகரத்தை எடுத்து வெச்சிக்கினு ஒக்காந்திருந்தோம் சார். அடுத்த வூட்டுக்காரு எங்க வாசல் வழியா காவலுக்குப் போறாரு."

சாட்சி

மறுநாளே அவருடன் ஜீப்பில் போனேன். கோயில் முன்னால் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நான்காம் வீட்டு ஆள் கொன்றதாக எழுதியது என் கற்பனை, எனக்கு எந்த ஆதாரமும் இல்லை என்று மூன்று முறை சொன்னேன். மூத்தவர் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். பிறகு என் புத்தகத்தையே மடியில் விரித்து, காவல் பரண் இருக்கும் பாறை, பன்றி இறங்கும் ஓடை, வீடுகளின் வரிசை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் காட்டினார். எல்லாம் சரிதானே என்றார். சரிதான் என்றேன். மூத்தவர் புத்தகத்தை மூடினார்.

"இவ்ளோத்தையும் கரெக்ட்டா எழுதுனவரு, ஆளை மட்டும் தப்பா எழுதுவீங்களாங்க?"

இரண்டாம் பாகம்

ஊர் திரும்பி இரண்டாம் பாகம் எழுதினேன். வயதான துப்பறிவாளர் மறுபடி மலையேறுகிறார். ரேஞ்சர் பாறையில் வழுக்கி விழுந்துதான் செத்தார் என்று கண்டுபிடிக்கிறார். நான்காம் வீட்டு வாசலில் நின்று மன்னிப்புக் கேட்கிறார். பிரதிகளை அந்த ஊருக்கு வீட்டுக்கு ஒன்றாக, அன்று எங்களை ஏற்றிப்போன ஜீப் டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். அடுத்த சாமை அறுப்பு முடிந்ததும் அவரைப் பார்த்தேன். எல்லா வீட்டிலும் படித்துவிட்டார்கள் என்றார். காவல் முறை எப்படிப் போனது என்று கேட்டேன். மூணு, அப்புறம் அஞ்சு என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஆறுதலாகச் சொன்னார்:

"ரெண்டாவது நல்லாத்தான் இருக்கு சார், படிச்சிட்டு அழுதாங்க. ஆனா அது கதை, மொதலுதான் சரித்திரம்னு சொல்றாங்க."

குழந்தைகள் பக்கத்தில் திருடித் தின்னும் முயலைப் பற்றி முப்பது வருஷம் எழுதியும், அதை நம்பி ஒரு குழந்தைகூட எந்த முயல் மேலும் கல்லெறிந்ததாக எனக்குக் கடிதம் வந்ததில்லை.