கொக்கி போட்ட வேலி

1. லைனை நிப்பாட்டுங்கோ

வன்னியில் துணுக்காய்ப் பக்கம் மின் அத்தியட்சகராக இருந்த காலத்தில் எனக்கு வந்த அழைப்புகளில் பெரும்பாலானவை "கரண்ட் இல்லை" என்றுதான் தொடங்கும். அன்று காலை வந்தது வேறு மாதிரி.

"சேர், ராசையா கதைக்கிறன். லைனை நிப்பாட்டுங்கோ. என்ரை வேலியிலை மாடு கிடக்குது. கிட்டப் போக ஏலாது."

லைன்மன் ஜெயத்தை ஏற்றிக்கொண்டு முதலில் டிரான்ஸ்போமருக்குப் போனேன். பியூஸ்களைக் கழற்றிய பிறகுதான் வயலுக்குத் திரும்பினோம்.

அங்கே ராசையா அண்ணை ஒரு பெண்ணைப் பின்னாலிருந்து இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். அந்தப் பெண் மாரியாயி. பக்கத்துக் காணிக்காரி. மலையகத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பம். வேலியில் கிடந்தது அவருடைய பால்மாடு. அதன் கயிற்றைப் பிடிக்க ஓடியவரைத்தான் அண்ணை விடாமல் பிடித்திருந்தார். கையை விடுவிக்க அவர் கடித்த கடியில் அண்ணையின் முழங்கைக்குக் கீழே இரத்தம் வடிந்தது.

"விடுங்க, செத்துரும், விடுங்க!" என்று மாரியாயி கத்தினார். அது ஏற்கெனவே செத்திருந்தது.

என்ன நடந்தது என்று விளங்க அதிக நேரம் எடுக்கவில்லை. காட்டுப் பன்றிக்குப் பயந்து அண்ணை, கதிர் முற்றிய தன் வயலைச் சுற்றி வெறும் கம்பி கட்டியிருக்கிறார். இருட்டினதும் மூங்கில் தடியில் ஒரு கொக்கியை வைத்து எங்கள் லைனில் மாட்டுவார், விடிய முதல் கழற்றிவிடுவார். அன்று கொக்கி லைன் கம்பியில் சிக்கிக் கழலவில்லை. அதை இழுத்துக்கொண்டு நின்ற நேரத்தில்தான் மாடு வந்திருக்கிறது. லைனிலிருந்து நேரே எடுத்ததால் மின் கசிந்தால் தானே விழுந்து நிறுத்த இடையில் ஒரு டிரிப் சுவிட்ச்சும் இல்லை.

2. எழுதுங்கோ சேர்

களவாக மின் எடுத்தது ஒரு குற்றம். அதைத் திறந்த கம்பியில் விட்டு உயிருக்கு ஆபத்து வைத்தது இன்னொன்று. தண்டமும் உண்டு, மறியல் எனும் சிறையும் உண்டு. இதைப் பொலிசுக்கு அறிவிப்பது என் வேலை.

ஆனால் இது ராசையா அண்ணை. போர் முடிந்து மீள்குடியேற்றத்துக்குப் பிறகு அந்தக் கிராமத்துக்கு நாங்கள் லைன் இழுத்தபோது, மத்தியானச் சோறு அவருடைய குசினியிலிருந்துதான் வந்தது. மழையில் எங்களோடு சேர்ந்து போஸ்ட் தூக்கிய மனிதர். முதல் பல்ப் எரிந்தபோது, தெருவில் நின்றவர்களைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டியவர்.

ஊர் விவசாயிகளின் கமக்கார அமைப்புத் தலைவர் என்னைத் தள்ளிக் கூட்டிக்கொண்டு போனார். "சேர், மாடுதானே. அவர் வேறை ஒண்டு வாங்கிக் குடுப்பார். கொக்கியைக் கழட்டிப்போட்டு விடுங்கோவன்."

நான் வாயைத் திறக்க முதல் அண்ணையே வந்துவிட்டார்.

"தலைவர், நீங்கள் போங்கோ. சேர், எழுதுங்கோ. நான் ஒரு கணம் பிந்தியிருந்தா மாரியாயியும் அதிலைதான் கிடந்திருப்பா. எழுதாமல் விட்டீங்களெண்டா நான் எப்பிடி அவாவின்ரை வாசலாலை போறது?"

எழுதினேன்.

3. மாட்டுக்காரி

வழக்கு நாளன்று அவரும் நானும் ஒரே பஸ்ஸில்தான் போனோம். கூட மாரியாயியும் ஏறினார். அவருக்கு அழைப்பாணை இல்லை.

"நீ எதுக்குப் பிள்ளை வாறாய்?" என்று அண்ணை கேட்டார்.

"உங்கள மறியல்ல போட்டுட்டா யாருங்க அறுப்பு வெட்டறது?" என்று சொல்லிவிட்டு அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

அண்ணை குற்றத்தை ஒப்புக்கொண்டார். பன்றியைப் பற்றி அவருடைய சட்டத்தரணி நீளமாகச் சொன்னார். இடையில் மாரியாயி எழுந்து நின்றார். யார் என்று நீதவான் கேட்டார்.

"மாட்டுக்காரிங்க ஐயா. வேலி போட்டதும் இவருதான். என்னைப் புடிச்சு நிறுத்தினதும் இவருதான். ரெண்டையும் சேத்துப் பாருங்க."

நீதவான் அவரை உட்காரச் சொன்னார். பிறகு அண்ணையைப் பார்த்துச் சொன்னார்: "மனிதர் இறந்திருந்தால் இந்த வழக்கு மேல் நீதிமன்றத்துக்குப் போயிருக்கும். அங்கே நீர் வீடு திரும்புவது நிச்சயமில்லை."

தண்டமும் ஒத்திவைத்த சிறைத்தண்டனையும் கிடைத்தன. வெளியே வந்து அண்ணை சாப்பாட்டுக் கடைக்கு எங்களைக் கூட்டிப் போனார். வேண்டாம் என்றேன்.

"கேஸ் முடிஞ்சுதெல்லோ? இனி நீங்கள் என்ரை விருந்தாளி. வாங்கோ."

மூன்று பேரும் ஒரே மேசையில் சாப்பிட்டோம். அடுத்த போகத்துக்கு அவரும் மாரியாயியும் சேர்ந்து, இரண்டு காணிக்கும் பொதுவாக, முறைப்படி அனுமதி எடுத்து சோலார் வேலி போட்டார்கள். அதைத் தொட்டால் அதிர்ச்சி விட்டு விட்டு வரும். பன்றி ஓடும், சாகாது. அதைப் பார்த்துவிட்டு வேறு சிலரும் தங்கள் கொக்கிகளைக் கொண்டுவந்து எங்கள் நிலைய வாசலில் போட்டார்கள். யாரென்று நான் விசாரிக்கவில்லை.

இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள், தெரிந்த மனிதர்மேல் வழக்கு எழுதினால் உறவு முறிந்துவிடுமோ என்று கேட்பார்கள். முறியத்தான் செய்யும், சில இடங்களில். ஆனால் பிழை செய்தவருக்குத் தன் ஊருக்குள் மறுபடி தலை நிமிர்ந்து நடக்க ஒரு வழி வேண்டும். சில நேரம் அந்த வழி நாங்கள் எழுதும் வழக்குத்தான்.

நான் ஓய்வு பெற்றுவிட்டேன். போன கிழமையும் அண்ணை போன் எடுத்தார்.

"சேர், கோழிக்கூட்டுக்கு ஒரு பல்ப் போடலாமோ?"

"லைசென்ஸ் உள்ள வயர்மனைக் கூப்பிடுங்கோ அண்ணை."

"கூப்பிட்டிட்டன். ஆள் இஞ்சைதான் நிக்கிறார். நீங்களும் ஒருக்கா ஓம் எண்டு சொல்லுங்கோ."

ஓம் என்றேன்.