ஒரு முறை அழுத்திய பொத்தான்

கண்டெடுத்த பொருளை அருகிலுள்ள காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒப்படைத்ததற்கு ரசீது பெற வேண்டும். குறித்த காலத்துக்குள் உரியவர் வந்தால் பொருள் அவருக்கு, வராவிட்டால் கண்டெடுத்தவருக்கு. விதி இவ்வளவுதான். இதை அறிந்த நான் அன்று காலை மலை நகரமான தானா ராத்தாவில் ஓர் அரசாங்க அலுவலகத்தில் எழுத்தராக உட்கார்ந்திருந்தேன். இதை அறியாத அக்கா, தேயிலைக் காட்டில் யாருடையதோ ஒரு கேமராவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார்.

அக்காவின் முதலாண்டு நினைவுநாளில் இம்மலரைக் கையில் வாங்கும் நீங்கள் எல்லாரும் அவரை அறிந்தவர்கள். அவருடைய பொறுமையையும் கைப்பக்குவத்தையும் நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பதினான்கு ஆண்டுகள் அவர் எதற்குப் பயந்துகொண்டிருந்தார் என்பது எனக்கும் என் மனைவிக்கும் மட்டுமே தெரியும். அதில் என் பங்கும் இருப்பதால், இதை எழுதும் பொறுப்பை வேறு யாரிடமும் விடவில்லை.

அக்கா பிறந்தது கீழே தாப்பா பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில். எங்கள் பெற்றோர் தேயிலைத் தோட்டத்துக்கு மேலேறி வந்தபோது அவருக்கு எட்டு வயது, நான் கைக்குழந்தை. ஜப்பான்காரன் காலத்தில் சயாமுக்கு ரயில் பாதை போடப் போன அப்பா திரும்பவில்லை. அக்கா கூடையை முதுகில் மாட்டினார், நான் புத்தகப் பையை மாட்டினேன். எங்கள் வீட்டில் நடந்த வேலைப் பங்கீடு அது. நான் படித்த ஒவ்வொரு வகுப்பும் அவர் பறித்த கொழுந்து. பின்னாளில் அக்காவின் கணவர், எங்கள் மாமா, காய்ச்சலில் போனபோது அக்காவுக்கு ஒரு மகன் மட்டும் இருந்தான். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடும் இருந்தது. வேலை இருக்கும்வரைதான் அந்த வீடு. இதற்கும் விதி உண்டு. அதை மட்டும் யாரும் மறக்க மாட்டார்கள்.

1974, மே மாதம். சாலையோரத்து நிரையில் முதல் நாள் மாலை வெளியூர்க்காரர்கள் இறங்கிப் படம் பிடித்துவிட்டுப் போயிருந்தார்கள். கவாத்து வெட்டிய தேயிலைச் செடியின் தலை மேசைபோல் தட்டையாக இருக்கும். அதன்மேல் கேமராவை வைத்தவர் எடுக்க மறந்துவிட்டார். காலையில் அக்காவின் கண்ணில் அது பட்டது. அக்கா அதைக் கங்காணியிடம் கொடுத்தார், கங்காணி தோட்ட எழுத்தரான கிராணியிடம் கொடுத்தார், கிராணி தோட்ட மேலாளரான துரையின் அலமாரியில் வைத்தார். யாரிடமும் ரசீது இல்லை. ஒரு வாரத்தில் உரியவரிடமிருந்து விசாரித்துக் கடிதம் வந்தது. பினாங்கில் ஓர் ஆசிரியை அவர். கேமரா பார்சலில் போய்ச் சேர்ந்தது. எல்லாம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்பார்கள்.

அடுத்த ஞாயிறு, காய்கறி லோரியில் ஏறி அக்கா என் குவார்ட்டர்சுக்கு வந்தார். நாற்காலியில் உட்காரவில்லை.

"தம்பி, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"என்னக்கா?"

"அந்தக் கேமராவ கொடுக்கறதுக்கு முன்னால ஒரு தடவ அமுக்கிட்டேன். டக்குனு சத்தம் வந்துச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானாவா? அடுத்தவங்க பிலிமு லா அது! கழுவிப் பாத்தா தெரியாதா? யாரு இத நோண்டுனதுன்னு துரைக்கு எழுத மாட்டாங்களா? போன மாசம் தேயிலத் தூள் எடுத்தான்னு ரெண்டு வீடு தள்ளி இருந்தவன என்னா பண்ணாங்க? ஒரு வாரத்துல சட்டி பானையெல்லாம் ரோட்டுக்கு வந்துருச்சு."

"அப்படி என்னத்த எடுத்தே?"

அக்கா விரலால் காற்றில் ஒரு வட்டம் போட்டார்.

"சிலந்தி வலை. பனி கோத்திருந்துச்சு தம்பி, மணி மணியா. தெனம் கையால வழிச்சுப் போட்டுட்டுப் போற வலதான். அந்தச் சின்ன ஓட்ட வழியா பாத்தப்பதான்…" என்று தொடங்கி, முடிக்காமல் விட்டுவிட்டார்.

அடுக்களையிலிருந்து என் மனைவி, "நல்லவேளை அண்ணி, உங்க மூஞ்சிய எடுக்காம விட்டீங்க. கையோட பிடிபட்டிருப்பீங்க" என்றாள். அக்கா சிரிக்கவில்லை.

கேட்கப்படாத கேள்விக்குப் பதில் எழுதக்கூடாது என்பது அலுவலகத்தில் நான் கற்ற முதல் பாடம். அதைத்தான் சொன்னேன். "அப்ப நான் நேரா துரைகிட்ட போய்ச் சொல்லிர்றேன்" என்று அக்கா எழுந்தார். அது அதைவிட ஆபத்து. ஆகவே, பார்சலைத் தபாலுக்குக் கொண்டுபோன கங்காணியிடம் அக்கா கேட்டு வந்திருந்த முகவரிக்கு, ஆங்கிலத்தில் ஒரு கடிதம் எழுதினேன். இன்ன நாளில் இன்னார் தவறுதலாக ஒரு முறை பொத்தானை அழுத்திவிட்டார்; அதனால் இழப்பு ஏதும் நேர்ந்திருந்தால் பொறுத்தருள வேண்டும். குறை சொல்ல முடியாத கடிதம். லயத்து வீட்டுக்கு எண் கிடையாது என்பதால், பதில் முகவரியில் 'தோட்ட மேலாளர் வழியாக' என்று முறைப்படி குறித்தேன்.

உறையை ஒட்டும்போது அக்கா கேட்டார்: "அந்த வல படத்துல விழுந்துச்சான்னு ஒரு வார்த்த கேட்டு எழுதுறியா?"

"எழுதறேன்" என்றேன். எழுதவில்லை. ஒரு மனுவில் ஒரு விஷயம்தான் இருக்க வேண்டும்.

அதன்பின் அக்கா ஒவ்வொரு நாளும் காத்திருந்தார். விடியும் முன் ஆள் கணக்கு எடுக்கும் பெரட்டில்தான் லயத்துக்காரர்களின் கடிதங்களையும் பெயர் சொல்லிக் கொடுப்பார்கள். பெயர்கள் வாசித்து முடியும்வரை தமக்கு மூச்சே வராது என்று அக்கா சொல்வார். ஜூன் மாதத்தில் ஒரு நாள் கிராணி கடிதம் எதையும் கொடுக்காமல், போகிறபோக்கில், "ஏம்மா, அந்தக் கேமரா விஷயமா துரைக்கு லெட்டர் வந்திருக்கு, தெரியுமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விட்டார்.

அன்று மாலை அக்கா சட்டி பானைகளைச் சாரத் துணியில் மூட்டை கட்டினார். மகனின் பள்ளிச் சான்றிதழ்களைத் தனியே ஒரு பிஸ்கட் டின்னில் போட்டார். ஆள் அனுப்பி என்னை வரவழைத்து, "போய்க் கேக்கவா?" என்றார்.

"கேக்காதே. தூங்குற ஃபைல எழுப்பக்கூடாது" என்றேன்.

நான் படித்தவன். அக்கா கேட்டுக்கொண்டார். ஒரு வாரம் போயிற்று, ஒரு மாதம் போயிற்று, யாரும் கூப்பிடவில்லை. மூட்டை பல மாதம் பிரிக்கப்படவில்லை. தேவைப்படும் பாத்திரத்தை மட்டும் உருவி எடுத்துச் சமைத்துவிட்டு, கழுவி மறுபடி உள்ளே வைத்தார்.

இரண்டு ஆண்டுகள் கழித்து ஒரு தீபாவளிக்கு, தானா ராத்தா ஸ்டூடியோவிலிருந்து பழைய பெட்டிக் கேமரா ஒன்றை அவருக்கு வாங்கிக் கொடுத்தேன். மகிழ்வார் என்று நினைத்தேன். அவர் முதலில் கேட்டது, "இதுக்கு ரசீது இருக்கா?" என்பதுதான். ரசீதை மடித்துக் கேமராவின் தோலுறைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

முதல் சுருள் முழுவதும் சிலந்தி வலை. கழுவி வந்த பன்னிரண்டு படங்களிலும் வலையைத் தவிர மற்றதெல்லாம் இருந்தது. ஸ்டூடியோக்காரச் சீனர் எங்கள் பக்கத்துத் தமிழ் பேசுவார். "இந்தப் பெட்டி கிட்டத்துல பாக்காது லா, அக்கா. அஞ்சடி தள்ளி நில்லு. இதுல வல விழாது" என்று சொல்லிவிட்டார். அக்கா ஐந்தடி தள்ளி நின்றார். இம்மலரின் இடப்பக்கங்களில் நீங்கள் காணும் படங்கள் அப்படி வந்தவை: மண் வெட்டிய கரையில் ஈரம் சொட்டும் பெரணிச் செடி, வடிகால் கானில் இறங்கி உட்கார்ந்திருக்கும் மூடுபனி, கவாத்து வெட்டிய செடிகளின் வெள்ளிப் பாசி, மழை விட்டபின் லயத்துத் தகரக் கூரையிலிருந்து எழும் ஆவி. ஆண்டுக்கு இரண்டு சுருள்தான் எடுப்பார். ஒரு படத்துக்காக ஒரே கரையை மூன்று வாரம் பார்த்துக்கொண்டிருப்பார். ஒரு படத்திலும் ஆள் கிடையாது.

"என்னாக்கா, புல்லுக்கு ஐ.சி. கார்டு படம் எடுக்கிறியா?" என்று கொழுந்தெடுக்கும் பெண்கள் கேலி செய்வார்கள்.

"ஆமாடி. ஒன்ன மாதிரியா? அது ஆடாம நிக்குது."

வாய் இப்படிப் பேசும். ஆனால் துரையின் லேண்ட்ரோவர் சத்தம் வளைவில் கேட்டால், கேமரா கூடைக்குள் கொழுந்துக்கு அடியில் போய்விடும். அது அவருடைய சொந்தக் கேமரா, உறைக்குள் ரசீது இருக்கிறது என்று எத்தனை முறை சொன்னாலும் பயன் இல்லை. அந்தத் துரை போய் வேறு துரை வந்தார், கிராணியும் மாறினார். பயம் மட்டும் இடமாற்றம் ஆகவில்லை. 1981இல் அக்கா ஓய்வு பெற்றார். தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்திருந்த மகன் பெயருக்கு வீடு மாறியது. இனிக் கவலை இல்லை என்றேன். "இப்பத்தான் தம்பி கவல. என்னால அவன் வேல போயிட்டா?" என்றார்.

சென்ற ஆண்டு ஆகஸ்டில், தானா ராத்தா மருத்துவமனையில் கடைசி மூன்று நாள் அவர் நினைவோடுதான் இருந்தார். சன்னலுக்கு வெளியே கம்பியில் பனி நின்றதைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் பினாங்கு டீச்சர் எனக்குப் பதிலே போடலல்ல?" என்றார். "இல்லக்கா" என்றேன். "கோவமா இருப்பாங்க" என்றார். பிறகு, "வல விழுந்திருக்காது" என்றார்.

அக்காவைப் பார்த்துக்கொண்ட தாதியருக்கும், மழையில் வண்டி கிடைக்காத அன்று லோரியை நிறுத்திப் படுக்கையோடு ஏற்றிக்கொண்ட ஓட்டுநருக்கும், அடக்கம் முடியும்வரை அடுப்பு மூட்டாத லயத்துப் பெண்களுக்கும், பழைய நெகட்டிவ்களைத் தேடி எடுத்து இம்மலருக்காகப் புதிதாய்ப் பிரதி போட்டுத் தந்த ஸ்டூடியோக்காரருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. தோட்ட அலுவலகத்தில் இப்போதிருக்கும் இளம் கிராணிக்குத் தனியே ஒரு நன்றி உண்டு. அதற்குக் காரணம் சொல்ல வேண்டும்.

அக்காவின் சேவைக் காலத்துக்குச் சான்று வேண்டி, ஈமக்கடன்கள் முடிந்தபின் முறைப்படி விண்ணப்பித்தேன். இளம் கிராணி கோப்பையே எடுத்து என் முன்னால் வைத்து, "நீங்களே பாருங்க சார், உங்களுக்குத் தெரியாததா" என்றார். சேர்ந்த நாள், மருத்துவ விடுப்பு, ஓய்வு பெற்ற நாள் என்று வரிசையாக இருந்தன. நடுவில் துருப்பிடித்த குண்டூசியில் ஒரு கடிதமும் ஒரு படமும்.

கடிதம் மேலாளருக்கு எழுதப்பட்டது. பினாங்கு ஆசிரியை எழுதியிருந்ததன் சாரம் இது: தங்கள் தோட்டத்து அம்மையாரின் கடிதம் கிடைத்தது. மன்னிக்க ஒன்றுமில்லை. பூக்களை எடுத்தபின் கேமராவைக் கிட்டப் பார்வையிலேயே விட்டிருந்தேன். அதனால் அவர் எடுத்த வலை தெளிவாக விழுந்திருக்கிறது. முப்பத்தாறு படங்களில் நான் சுவரில் மாட்டியிருப்பது அது ஒன்றைத்தான். ஒரு பிரதி இணைத்துள்ளேன், அவரிடம் கொடுத்துவிடுங்கள். அவர் தொடர்ந்து படம் எடுக்க வேண்டும் என்று நான் சொன்னதாகவும் சொல்லுங்கள்.

நான் எழுதாமல் விட்ட கேள்விக்கு, கேட்காமலே பதில். இம்மலரின் அட்டையில் இருப்பது அந்தப் படம்தான்.

கடிதத்தின் ஓரத்தில் அன்றைய துரையின் கையெழுத்து: "பார்த்தேன். கோப்பில் சேர்க்கவும்." யாரையும் குறை சொல்ல மாட்டேன். தொழிலாளியைப் பற்றிய கடிதம் தொழிலாளியின் கோப்பில்தான் இருக்க வேண்டும், அதுதான் முறை. அதே சொற்களை என் பணிக்காலத்தில் எத்தனை கடிதங்களின் ஓரத்தில் எழுதியிருப்பேன் என்று எண்ணிப் பார்த்தேன். அவற்றில் எவை யாருக்காகக் காத்திருந்தனவோ, தெரியாது. பினாங்கு முகவரிக்கு நன்றி சொல்லி எழுதினேன். பெறுநர் அங்கில்லை என்று உறை திரும்பிவிட்டது.

நான் அக்காவின் கடிதத்தில் இட்ட தேதி 19 மே 1974. ஆசிரியையின் பதிலில், மேல் மூலையில், ஊதா மையில், சற்றுச் சாய்ந்த அலுவலக முத்திரை: கிடைத்த நாள், 11 ஜூன் 1974.