கற்பூரம் அணையும் வரை

என் கம்பெனியின் கார் நிறுத்துமிடத்தில், சரியாக நடுவில், ஒரு முள்மரம் நிற்கிறது. ஆளுயரம்கூட ஒழுங்காக வளராமல், காற்றுக்கு ஒரு பக்கமாகச் சாய்ந்த மரம். அதைச் சுற்றிக் கல் பதித்து, மூன்று கார் நிற்கக்கூடிய இடத்தை அதற்கே விட்டிருக்கிறார்கள். அயர்லாந்துக்கு வந்த புதிதில் காலை மழையில் இடம் தேடிச் சுற்றும்போதெல்லாம், இதை ஏன் ஒருவனும் வெட்டவில்லை என்று எரிச்சலாக வரும். ஒரு நாள் அதன் கிளை என் கார்க் கதவைக் கீறிவிட்டது. வந்த கோபத்தில் இறங்கி ஒடித்தேன். பின்னாலேயே வந்த பேட்ரிக், என்னோடு மெஷின் பராமரிப்பில் வேலை செய்பவன், அப்படியே நின்றுவிட்டான். "ஃபேரி ட்ரீ" என்றான். எனக்குத் தெரிந்த ஃபேரி, ஆட்களை ஏற்றிக்கொண்டு தண்ணீரில் போவது. "இங்கே ஏது படகு?" என்று கேட்டேன். அவன் சிரிக்கவில்லை. அப்படியென்றால் யாருடைய மரம் என்று கேட்டதற்கு, குரலைத் தாழ்த்தி "தெம்" என்று மட்டும் சொன்னான், அதாவது 'அவங்க'. பெயர் சொல்லக்கூடாத, அந்த மரத்தில் குடியிருக்கும் மாயச் சனங்களாம்.

நீ நம்புகிறாயா என்று கேட்டேன். சேச்சே, இந்தக் காலத்தில் எவன் நம்புவான், ஆனால் நானாக இருந்தால் அந்தக் கிளையைத் தொட்டிருக்க மாட்டேன் என்றான். பொறியியல் படித்தவன். சர்ச்சுக்குக்கூடப் போகாதவன். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது சிரிப்பாக இருக்கலாம். எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஆவடிக்காரனுக்கு 'அவங்க' யார் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

பருத்திப்பட்டு ஏரிக்கரையில், இப்போது காலை நடைக்குப் பாதை போட்டிருக்கிறார்களே, அதற்குக் கொஞ்சம் தள்ளி ஏழு கற்கள் இருந்தன. மஞ்சள் பூசி, குங்குமம் வைத்த கன்னிமார். எங்கள் தெருவில் யாரும் அந்தப் பெயரைச் சொல்ல மாட்டார்கள். "அவங்க போற நேரம், ஏரிப் பக்கம் போவாத" என்பார்கள். என் தங்கை செல்விக்குப் பதினாறு வயதில் கை கால் வெட்டி இழுத்து, வாயில் நுரை தள்ளியபோது, தெருவே ஒரே குரலில் சொல்லிவிட்டது, அவங்க புடிச்சிக்கினாங்க என்று. நான் அப்போது ஒரு தொழிற்சாலையில் அப்ரண்டிஸ். எங்கள் ஷெட் சுவரில் முதலுதவிப் படம் ஒட்டியிருந்தது. வலிப்பு வந்தவரை எப்படிப் படுக்க வைப்பது என்று நாள் முழுக்க என் கண்ணெதிரே இருந்த படம்.

நானே அவளைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். மாத்திரை கொடுத்தார்கள். நான்கு மாதம் ஒழுங்காகச் சாப்பிட்டாள். ஒரு தரம்கூட வரவில்லை. அதற்குள் எனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்தார்கள். ஐயப்பன்தாங்கலில் ஒரு குடும்பம். பெண் நர்சிங் கடைசி வருடம். படித்து முடித்ததும் வெளிநாடு போவாள், மாப்பிள்ளையும் கூடப் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அம்மா மாத்திரை அட்டையை எடுத்து அரிசிப் பானைக்குள் போட்டுவிட்டாள்.

"வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா இவள எவன் கட்டுவான்? உனுக்குத்தான் எவன் பொண்ணு குடுப்பான்? கன்னிமாரு வந்துகினு கீறாங்கன்னா, கையெடுத்துக் கும்புடுவான்."

"மாத்திரைய நிறுத்தினா திரும்ப வரும்மா."

"கல்யாணம் முடியட்டும். அப்பால குடுத்துக்கலாம்."

சரி என்றேன். அம்மாவுக்குக் கன்னிமார்மீது என்னைவிட அதிக நம்பிக்கை இருந்தது என்று நினைக்காதீர்கள். இருந்திருந்தால் அவள் மாத்திரையை ஒளித்திருக்க மாட்டாள், தூக்கி எறிந்திருப்பாள்.

தை மாதக் கடைசி வெள்ளியன்று ஏரிக்கரையில் பொங்கல் வைத்தோம். பெண் வீட்டாரையும் அழைத்திருந்தோம். செல்வி முழங்கால் தண்ணீரில் இறங்கிக் குடத்தில் நீர் மொண்டாள். குடம் கை நழுவிப் போனது. அவள் முகம் ஒரு பக்கமாகத் திரும்பி, அப்படியே குப்புற விழுந்தாள். பூசாரி தட்டில் கற்பூரம் ஏற்றி, "கன்னி எறங்கிட்டா! கற்பூரம் அணையிற வரிக்கும் எவனும் தொடாதீங்க!" என்று கத்தினார். பெண்கள் குலவையிட்டார்கள். என் வருங்கால மாமியார் கன்னத்தில் போட்டுக்கொண்டார். தண்ணீரில் அவள் முதுகு குலுங்குவதை எல்லோரும் பக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தோம். அது என்னவென்று அங்கே தெரிந்தவர்கள் இரண்டு பேர் என்றுதான் அப்போது நினைத்தேன், நானும் அம்மாவும். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா பெண் வீட்டாரைப் பார்த்தாள். நான் கைகூப்பி நின்றேன். கற்பூரம் பெரிய கட்டி. மெதுவாகத்தான் எரிந்தது.

பிழைத்தாள். உயிர் மட்டும் வந்தது, பேச்சும் புத்தியும் வரவில்லை. கன்னி குடிகொண்ட வீடு என்று சொல்லி, பெண் வீட்டார் முகூர்த்தத்தை முன்னதாகவே வைத்தார்கள். அந்தப் பெண்ணின் நர்ஸ் விசாவில்தான் நான் இந்த நாட்டுக்கு வந்தேன். அவளும் அன்று கரையில் நின்றவள்தான். இங்கே எத்தனையோ வலிப்பு நோயாளிகளைப் பார்த்திருப்பாள். இத்தனை வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டதில்லை. கேட்டால் தானும் பதில் சொல்ல வேண்டிவரும் என்று அவளுக்குத் தெரியும்.

இந்தக் காலத்தில் யார் நம்புகிறார்கள் என்று பேட்ரிக் கேட்டானே, அவனை வெள்ளானூருக்கு அழைத்துப் போயிருக்க வேண்டும். அம்மாவும் செல்வியும் இப்போது அங்கேதான் இருக்கிறார்கள். போன ஆகஸ்டில் போயிருந்தேன். வெள்ளிக்கிழமை. வாசலில் கார்கள். புதிதாக வந்த அடுக்குமாடிகளிலிருந்து, கழுத்தில் கம்பெனி அட்டையைக்கூடக் கழற்றாமல், குறி கேட்க வந்திருந்தார்கள். உள்ளே செல்வி பட்டுப் புடவையில், வாய் ஓரம் ஒழுக, உட்கார்த்தி வைக்கப்பட்டிருந்தாள். அவள் தலையசைத்தால் ஆம், முனகினால் இல்லை. வரிசையை ஒழுங்குபடுத்திக்கொண்டிருந்த அம்மா என்னைப் பார்த்ததும், "ஷூவ கழட்டினு பின்னால நில்லு நைனா, ஜனங்க பாக்குது" என்றாள்.

நின்றேன். என் முறை வந்தது. அம்மா அவள் கையைப் பிடித்து விபூதியில் தோய்த்து, என் நெற்றியில் அழுத்தினாள். "இன்னா கேக்கணுமோ கேளு." எனக்குத் தமிழே வரவில்லை. "சாரி" என்றேன். செல்வி சிரித்தாள். ஃபேன் சுற்றினாலும், நாய் குரைத்தாலும் அவள் அப்படித்தான் சிரிப்பாள் என்று அம்மாவே போனில் சொல்லியிருக்கிறாள். ஆனால் பின்னால் நின்ற பெண், "சிரிச்சிட்டா அண்ணாத்தே! உத்தரவு குடுத்துட்டா! நீ கேட்டது நடந்துடும்" என்றாள். வெட்கமில்லாமல் சொல்கிறேன், நான் அதை நம்பினேன். அழுதபடி வெளியே வந்தேன். அன்றிரவு நிம்மதியாகத் தூங்கினேன். மறுநாள் விமானம் ஏறும்போதுகூட நெற்றியைத் துடைக்க மனம் வரவில்லை.

டப்ளின் விமான நிலையத்தில் குடியேற்ற அதிகாரி என் குடியிருப்பு அட்டையைப் பார்த்துவிட்டு நெற்றியைப் பார்த்தார். இந்த ஊரில் கிறிஸ்தவர்கள் தவக்காலத் தொடக்கத்தில் நெற்றியில் சாம்பல் வைத்துக்கொள்வார்கள். "ஆஷ் வெட்னெஸ்டே முடிந்து மாதக்கணக்காகிறதே, யார் வைத்தது?" என்று கேட்டார். "சிஸ்டர்" என்றேன். அவர் முகம் கனிந்தது. தன் அத்தையும் கன்னியாஸ்திரிதான், அவர்கள் கைபட்டால் நல்லது என்று சொல்லி, அட்டையை இரு கையாலும் திருப்பித் தந்தார். நான் திருத்தவில்லை. நன்றி சொல்லி உள்ளே நடந்தேன். அங்கே அவள் கன்னி, இங்கே கன்னியாஸ்திரி. வலிப்பு வந்த என் தங்கை என்று இரண்டு ஊரிலும் ஒருவரிடமும் நான் இன்னும் சொல்லவில்லை.