பெரியவர் வரும் மாதம்

வேட்டைக்கு எந்த மாதம் நல்லது என்று என் கணவரின் தம்பி கேட்கத் தொடங்கியதிலிருந்து எங்கள் நாவற்குடா வீட்டில் வேறு பேச்சே இல்லாமல் போயிற்று. அவன் சுவிஸில் இருக்கிறான். அங்கே என்ன வேலை செய்கிறான் என்று எனக்கு இன்றுவரை சரியாகத் தெரியாது. இங்கே எங்களுக்குப் போன் எடுப்பதுதான் அவன் வேலை என்று நினைத்துக்கொள்வேன். நாங்கள் சாப்பிட உட்காரும் நேரம் பார்த்து எடுப்பான். என் கணவர் சோற்றுக் கையோடு எழுந்து போய்ப் போனைச் சுவரில் சாய்த்து வைப்பார். பிறகு அண்ணனும் தம்பியும் காட்டைப் பற்றிக் கதைப்பார்கள். இரண்டு பேரும் வாழ்நாளில் ஒரு முயலைக்கூடத் துரத்தியவர்கள் இல்லை.

அவன் ஏதோ இணையத்தளத்தில் மழைக்காட்டு வேட்டை பற்றிப் படித்திருந்தான். எந்த நாட்டு மழைக்காடோ தெரியாது. மழையில் போனால் தடம் நன்றாகப் பதியுமாம், வெயிலில் போனால் மிருகங்கள் தண்ணீரைத் தேடி ஒரே இடத்துக்கு வருமாம். இரண்டில் எது என்பதுதான் அவனுடைய பெரிய கேள்வி. நான் வெல்லாவெளியில் பிறந்தவள். எங்கள் வயல்வட்டை முடிகிற இடத்தில், கடைசி வயலுக்கு அடுத்ததாக நிற்பது பாலையும் வீரையும் முதிரையுமான மரக்காடு. வருடத்தில் பாதி அந்தக் காடு காய்ந்து கிடக்கும். "அது மழைக்காடு இல்ல, மழை பெய்தா நனையிற காடு" என்று அடுப்படியில் இருந்தபடி சொன்னேன்.

"மச்சாளுக்கு இதெல்லாம் விளங்காது" என்றான் போனுக்குள்ளிருந்து. நான் பிறந்த ஊரின் காடு எனக்கு விளங்காதாம்!

கடைசியில் என் அண்ணனைப் பிடித்தார்கள். அண்ணன் இன்னும் வெல்லாவெளியில்தான் வேளாண்மை செய்கிறார். பன்றியைச் சுட்டு விரட்ட அனுமதி எடுத்த துவக்கு ஒன்று அவரிடம் இருக்கிறது. அந்தத் துவக்கு இல்லாமல் இவர்களுக்கு வேட்டை இல்லை. அண்ணனும் இலேசுப்பட்ட ஆள் கிடையாது. காட்டைப் பற்றி யாராவது வாய் திறந்து கேட்டுவிட்டால் போதும், வெற்றிலையைப் போட்டுக்கொண்டு காடு முழுவதையும் தானே நட்டு வளர்த்தது மாதிரிப் பேசுவார். மூன்று பேரும் ஒரே அழைப்பில் கூடினார்கள்.

"மாரியில வேணாம்" என்றார் அண்ணன். "வண்டி புதையும். வாடைக் காத்து எங்கட மணத்தைக் காட்டுக்குள்ள கொண்டு போயிரும், பண்டி ஒண்டும் நிக்காது. ஆடி ஆவணிதான் சரி. கச்சான் காத்து காட்டுப் பக்கமிருந்து எங்கட முகத்துக்கு அடிக்கும். நாங்க வாறது அதுக்குத் தெரியா."

"ஆவணியில ஏலாது. மனிசி புள்ளைகளோட ஸ்பெயின் போறம்" என்றான் தம்பி.

"அப்ப உங்கட விருப்பம். தை மாசிக்கு மட்டும் வராதீங்க. வேளாமை விளைஞ்சு கிடக்கும். பெரியவர் வாற நேரம்."

வாவிக்கு அந்தப் பக்கம், எங்கள் படுவான்கரையில், விளைந்த வயலுக்குப் பக்கத்தில், யாரும் யானையை யானை என்று சொல்வதில்லை. பெயரைச் சொன்னால் வந்து நிற்கும் என்ற பயம் எங்கள் ஆட்களுக்கு. பெரியவர் என்போம். எனக்கு அது நினைவு தெரிந்த நாளிலிருந்து காதில் விழுந்த சொல். என் கணவர் வாவிக்கு இந்தப் பக்கத்து ஆள், அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து ஓய்வு பெற்றவர். பெரியவர் என்றால் அவருக்கு மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து கையெழுத்து வைக்கிறவர். தம்பிக்கும் அதே விளக்கம்தான். அண்ணன் சொன்னதை அவர்கள் அப்படித்தான் எடுத்திருக்கிறார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது.

கொஞ்ச நாளில் அவன் மாசிக்கு ரிக்கெற் போட்டுவிட்டான். வரவேண்டாம் என்று சொன்ன மாதத்துக்கு!

"மாசியில பெரியவர் வாறவர் எண்டு அண்ணன் சொன்னாரே?" என்று கணவரிடம் கேட்டேன்.

"அதுக்குத்தானே போறம்" என்றார்.

யானை பார்க்க ஆசைப்படுகிறார்கள், இரண்டு பேருக்கும் விசர் முற்றிவிட்டது என்று நினைத்து வாயை மூடிக்கொண்டேன். அவர்கள் போட்டிருந்த கணக்கு பிறகுதான் வெளியே வந்தது. விளைச்சல் காலத்தில் யாரோ ஒரு மேலதிகாரி காட்டைப் பார்வையிட வருகிறாராம். அவரைக் கைக்குள் போட்டுக்கொண்டால் பன்றி என்ன, மானும் மரையும் சுடலாமாம். ஆகவே வேட்டைக்கு உகந்த மாதம் மாசி. இதற்குத்தான் அத்தனை மாதம், அத்தனை ஆறிப்போன சோறு.

வந்து இறங்கினான். பெட்டியைத் திறந்தால் பச்சையும் மண்ணிறமும் கலந்த புள்ளிச் சட்டை, புள்ளிக் காற்சட்டை, புள்ளித் தொப்பி. ஆமிக்காரர் போட்ட அந்த உடுப்பைத் தூரத்தில் கண்டாலே பிள்ளைகளை இழுத்துக்கொண்டு கதவைச் சாத்திய காலம் எங்களுக்கு இருந்தது. அதற்கு முதலே பறந்துவிட்டவனுக்கு அது எங்கே தெரியும்? இதைப் போட்டுக்கொண்டு பாலம் கடந்தால் நேரே பொலிசுக்குத்தான் போவாய் என்று என் கணவர் சொல்லிக் கழற்ற வைத்தார். கண்ணாடிக்கு முன்னால் நின்று படம் எடுத்துவிட்டுத்தான் கழற்றினான்.

என் கணவருக்கு வலது முழங்கால் மடங்காது. சைக்கிளால் விழுந்து உடைந்து, ஒழுங்காகப் பொருந்தாமல் போன கால். கோயிலுக்குப் போனாலும் கதிரை போட்டுத்தான் உட்காருவார். "இந்த மனிசனால ஓட ஏலாது. கூட்டிப் போகாதீங்க" என்று அவனிடம் கெஞ்சினேன். எனக்குக் கெஞ்சிப் பழக்கமில்லை, அன்றைக்குக் கெஞ்சினேன்.

"நான் பக்கத்தில நிப்பன்தானே, மச்சாள்" என்றான்.

பின்னேரம் ஒரு வான் வண்டியில் புறப்பட்டார்கள். என் கணவர் சட்டையை அயன் பண்ணிப் போட்டிருந்தார். கச்சேரிப் பழக்கம் என்று விட்டுவிட்டேன். தம்பியின் கையில் தங்கநிறக் காகிதம் சுற்றிய ஒரு விஸ்கிப் போத்தல். அது என் அண்ணனுக்கு என்று நினைத்தேன்.

அவர்கள் போய்ச் சேரும் நேரம் பார்த்து அண்ணன் எனக்குப் போன் எடுத்தார். குரலில் வழக்கமான பெருமை இல்லை.

"என்ன புள்ள, உன்ட மச்சான்காரன் குடிச்சிருக்கானா? பெரியவர் வட்டைக்குள்ள இறங்கி நிக்கிறார், வராதீங்க எண்டு சொன்னா, 'அவரை நிக்கச் சொல்லுங்க, நாங்க வாறம்' எண்டு சொல்றான்!"

எனக்கு அந்த நொடியில்தான் எல்லாம் விளங்கியது. அயன் பண்ணிய சட்டை, தங்கநிறக் காகிதம், "அதுக்குத்தானே போறம்", எல்லாம். என் கணவருக்குப் போன் எடுத்தேன். மணி அடித்தது, பதில் இல்லை. மறுபடி எடுத்தேன். தம்பிக்கு எடுத்தேன். அங்கேயும் பதில் இல்லை. அந்த மடங்காத காலைத் தவிர வேறு எதுவும் என் கண்ணுக்குள் வரவில்லை.

நடந்ததை என் கணவர் பிறகு சொன்னார். வானைக் குளக்கட்டில் விட்டுவிட்டு இரண்டு பேரும் வரம்பில் நடந்திருக்கிறார்கள். தம்பி முன்னால், போத்தலை இரண்டு கையாலும் நெஞ்சோடு பிடித்தபடி. தூரத்தில் காவல் பரணிலிருந்து ஆட்கள் கை காட்டிக் கத்தினார்கள். வரவேற்கிறார்கள் என்று இவன் நினைத்தான். "ஐயா! ஐயா!" என்று குரல் கொடுத்துக்கொண்டு போனான். மூலை வயலில் கதிர் அசைந்தது. ஐயா திரும்பிப் பார்த்தார்.

தனிக் கொம்பன். இவர்களுக்கும் அதற்கும் நடுவில் ஒரு வாய்க்கால்தான்.

தம்பி போத்தலைப் போட்டான், என் கணவரை இடித்துக்கொண்டு ஓடினான். அவர் வரம்பில் நின்றார். நிற்காமல் என்ன செய்வது? யானை காதை விரித்துக்கொண்டு அவரைப் பார்த்தபடி வாய்க்கால் கரைவரை வந்தது. தான் கும்பிட்டதாக அவர் சொன்னார்; அது பயத்திலா மரியாதையிலா என்று அவருக்கே தெரியாது. அதற்குள் பரண் பக்கமிருந்து யானை வெடி போட்டார்கள், என் அண்ணன் துவக்கை வானத்துக்குப் பிடித்துச் சுட்டார். யானை ஒரு தடவை பிளிறிவிட்டுக் காட்டுப் பக்கம் திரும்பியது. என் கணவர் காலை இழுத்து இழுத்து வானுக்கு வந்தால், உள்ளே தம்பி கதவுகளைப் பூட்டிக்கொண்டு இருக்கிறான். கண்ணாடியில் தட்டவேண்டி இருந்ததாம்.

வீட்டுக்கு வந்தவன் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் சொல்: "அண்ணன்தான் மச்சாள் என்னை ஓடச் சொன்னவர்."

"ஓடாத எண்டுதான் கத்தினன்" என்றார் என் கணவர். ஓடுகிறவனைத்தான் யானை துரத்தும் என்று என் அண்ணன் கல்யாண வீட்டில்கூடச் சொல்லிக்கொண்டிருப்பார், அது என் கணவருக்கு மனதில் நின்றிருக்கிறது. பிறகு தம்பியின் முகத்தைப் பார்த்து, "பயத்தில சரியா கேட்டிருக்காது, பாவம்" என்றார். எனக்கு அந்தப் பாவம் பிடிக்கவில்லை. அவன் காதில் ஒரு பழுதும் இல்லை. தனக்கு வசதியான பாதி மட்டும் உள்ளே போகிற காது அது.

அவன் திரும்பிப் போனபின், தான் யானைக்கு எதிரே நின்ற கதை சுவிஸ் முழுக்கப் பரவியது. கதையில் என் கணவர் இல்லை. புள்ளிச் சட்டைப் படம் மட்டும் இருந்தது.

போன கிழமை மறுபடி எடுத்தான். கணவர் கிணற்றடியில் இருந்தார், நான்தான் போனை எடுத்தேன்.

"மச்சாள், இந்த முறை வேட்டைக்கு எந்த மாதம் நல்லம்? ஆவணி எப்பிடி?"

கல்யாணம் செய்து வந்த நாளிலிருந்து அவனை நீங்கள் என்றுதான் கதைத்திருக்கிறேன். அன்றைக்கு "வராத" என்றேன். வேறு ஒரு சொல்லும் சொல்லாமல் போனை வைத்தேன்.

இரவுச் சாப்பாட்டில் என் கணவர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார்.

"தம்பி ஆவணிக்கு ரிக்கெற் போட்டிட்டானாம்" என்றார். "நீதான் வரச் சொன்னியாமே?"