மிஸ்ஸி கேட்ட வாள்

பென்சிலால் எழுதிய ஒரு தாள் என்னிடம் இருக்கிறது. அதில் ‘தொழில்’ என்ற இடத்தில் ‘வைத்தியர்’ என்று எழுதியிருக்கும். தாளைக் கொஞ்சம் சரித்து வெளிச்சத்தில் பிடித்தால், அதற்கு அடியில் அழிறப்பரால் அழித்த இன்னொரு சொல் தெரியும்: ‘வாள்காரி’. அழிக்க வைத்தவன் நான். எழுதியவர் எங்கள் வீட்டிலிருந்து நாலு வீடு தள்ளி இருந்த தாதி. தாதிமாரை இங்கே மிஸ்ஸி என்றுதான் கூப்பிடுவோம். அன்புவழிபுரத்தில் எங்கள் ஒழுங்கைக்கு அவர் ஒருவர்தான் மிஸ்ஸி.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் எங்கள் வீட்டு விறாந்தையில் மேசையைப் போட்டு விளையாடுவோம். தம்பி கட்டாரில் வேலை செய்து திரும்பியபோது கொண்டுவந்த பழக்கம் அது. அவன் ஒரு கதையைச் சொல்லிக்கொண்டு போவான், நாங்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அந்தக் கதைக்குள் நடப்போம். குகை வரும், பூதம் வரும். என்ன செய்யப்போகிறோம் என்று சொல்லித் தாயக்கட்டையை உருட்டினால், அது பலித்ததா இல்லையா என்று விழுகிற எண் சொல்லிவிடும். நாற்பது வயது தாண்டியவர்கள் இப்படிக் கூடியிருந்து கத்துவதைப் பார்த்து ஒழுங்கையில் போகிறவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

கூட்டத்தைச் சேர்க்கும் பொறுப்பை நானாகவே எடுத்துக்கொண்டேன். வாளோடு முன்னால் நின்று அடி வாங்க ஒருவர், பூட்டுத் திறக்க ஒருவர், தூரத்தில் நின்று மந்திரம் எறிய ஒருவர், விழுந்தவரைத் தூக்கி மருந்து கட்ட ஒருவர். நாலில் ஒன்று குறைந்தாலும் முதல் குகையிலேயே எல்லாருடைய கதையும் முடிந்துவிடும். கிண்ணியாவிலிருந்து ஆட்டோவில் வரும் நண்பர் பூட்டுத் திறந்தார். என் மனைவி மந்திரக்காரி. வீட்டிலும் அப்படித்தானே என்று நண்பர் பகிடி பண்ணுவார். வாளை நான் வைத்துக்கொண்டேன். கிழமை முழுக்கத் துறைமுகக் களஞ்சியத்தில் பெட்டி எண்ணுகிறவனுக்கு ஞாயிற்றுக்கிழமையாவது ஒரு வாள் வேண்டாமா?

இந்த நியாயம் மிஸ்ஸிக்கும் பொருந்தும் என்று அன்றைக்கு எனக்குத் தோன்றவில்லை. முதல் நாள் அவர் வந்து, அவரவர் பாத்திரத்தை எழுதும் தாளை வாங்கி, ஆசையாக ‘வாள்காரி’ என்று எழுதினார். நான் எட்டிப் பார்த்துவிட்டு, “மிஸ்ஸி, நீங்கள் இருக்கேக்க எங்களுக்கு வேற வைத்தியர் என்னத்துக்கு?” என்றேன். எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்தார். “ஓம், அதுவும் சரிதான். அந்த அழிறப்பரைத் தாங்கோ” என்றார். கிழமை முழுக்க வார்டில் நோயாளிகளோடு நின்று, கிடைத்த ஒரு பின்னேரத்தில் அதையெல்லாம் மறக்க வந்த மனுசிக்கு அதே வேலையைக் கொடுத்துவிட்டேன். இப்போது நினைக்க வெட்கமாக இருக்கிறது.

இரண்டு வருசம் அவர் எங்களுக்கு மருந்து கட்டினார். ஒருமுறை நானும் கிண்ணியா நண்பரும் ஒரே நேரத்தில் விழுந்தோம். மிஸ்ஸியிடம் மிஞ்சியிருந்தது ஒரே ஒரு மருந்து. அதை நண்பருக்குக் கொடுத்தார், என் ஆள் செத்துப்போனான். எனக்குச் சுள்ளென்று வந்தது. “முன்னுக்கு நிக்கிறவனை விட்டா கூட்டம் என்னாகும்? கொஞ்சம் யோசிச்சிருக்கலாம் மிஸ்ஸி” என்றேன். அவர் தாயக்கட்டையை மேசையில் மெல்ல வைத்தார். “ரெண்டு பேர் விழுந்தா ஆரை முதல் பாக்கிறது எண்டு வார்ட்டிலையும் யோசிக்கிறன், இஞ்சையும் யோசிக்கிறன். அடுத்த கதையில நான் ஒருக்கா வாளை எடுக்கட்டோ?” என்று கேட்டார். குரலில் கோபமே இல்லை. கோபித்திருந்தால் எனக்கு உறைத்திருக்கும். “அது ஏலாது மிஸ்ஸி, கூட்டம் சரிவராது” என்று சொல்லிவிட்டு, செத்த என் ஆளுக்குப் பதிலாக இன்னொரு வாள்காரனை எழுதத் தொடங்கினேன்.

அந்த மாரியில் மிஸ்ஸிக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வேலைக்கும் போயிருக்கிறார். ஐந்தாம் நாள் எங்களை விட்டுப் போய்விட்டார். இப்போதும் நாங்கள் விளையாடுகிறோம், ஆனால் மருந்துப் பை என்னிடம். வாளை யாரும் எடுப்பதில்லை. கூட்டம் ஒரு பக்கம் சாய்ந்துபோய் இருக்கிறது என்று தம்பி குறை சொல்வான். சாய்ந்தே இருக்கட்டும் என்பேன்.

முப்பத்தோராம் நாள் பூசை முடிந்து மிஸ்ஸியின் வீட்டில் சாப்பாடு. அவருடைய கணவர் எனக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். “ஞாயிற்றுக்கிழமை இரவுச் சாப்பாட்டில உங்கட விளையாட்டுக் கதைதான். அவ சொல்லச் சொல்ல மகள் வாயைத் திறந்துகொண்டு இருப்பாள்” என்றார். பத்து வயது மகள் பக்கத்தில் வந்து நின்றாள். “மாமா, அந்தத் தொங்குபாலத்தில அம்மா தனிய நிண்டு மூண்டு பூதத்தை வெட்டினவ, என்ன?” என்று கேட்டாள்.

பாலத்தில் நின்று வெட்டியது என் ஆள். மிஸ்ஸி அப்போது எனக்குப் பின்னால், பையோடு. கையிலிருந்த சாப்பாட்டுக் கோப்பையை நிலத்தில் வைத்தேன். என் வாளைத்தான் அவர் இத்தனை ஞாயிறும் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார். கேட்டபோது நான் கொடுத்திருக்கலாம்.

“ஓம் பிள்ளை. அம்மாதான் எல்லாருக்கும் முன்னுக்கு நிண்டவ” என்றேன்.

அவள் கொஞ்சம் யோசித்தாள். “அப்ப காயம் பட்டா ஆர் மருந்து கட்டினது?”

“அதுக்கு வேற ஒராள் இருந்தவ.”

“அவ அம்மாவின்ர செத்தவீட்டுக்கு வந்தவவோ?”

“வந்தவ” என்றேன்.