குலுக்கக் கூடாத குப்பி

ஆரணியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே ரூம் அட்டெண்டராக இருபத்திரண்டு வருஷம் வேலை பார்த்தேன். எட்டாவதோடு படிப்பு நின்றது. அதன் பிறகு சாயப்பட்டறையில் பட்டு நூலுக்குச் சாயம் கரைத்தேன். அங்கிருந்துதான் இங்கே வந்தேன். புதிதாக இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக, நான் செய்த ஒரு தப்பை எழுதுகிறேன்.

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில், மாதத்தில் ஒரு நாள் சென்னையிலிருந்து தொண்டை டாக்டர் ஒருவர் வருவார். பெண் டாக்டர். விழுங்க முடியாதவர்களுக்கு, எக்ஸ்ரேயில் தெரிகிற பேரியம் மருந்தைக் குடிக்கவைத்துப் படம் எடுப்போம். பேரியம் பவுடரில் தண்ணீர் விட்டுக் குலுக்கிக் கொடுப்பது என் வேலை. சரியாகக் குலுக்காவிட்டால் கட்டி தட்டும், படம் வீணாகும். சாயப்பட்டறையிலும் அதே பாடம்தான். பொடி என்றால் விடாமல் கலக்க வேண்டும்.

சேவூர் தேசிங்கு அண்ணன் நெசவாளர். பக்கவாதம் வந்து, கை கால் சரியாகி, தறியிலும் உட்கார்ந்துவிட்டார். தொண்டை மட்டும் சரியாகவில்லை. உணவுக்குழாய் தொடங்கும் இடத்தில் வளையம் போல ஒரு தசை உண்டு. விழுங்கும்போது அது தளர்ந்து வழிவிட வேண்டும். அவருக்கு அது இறுகியே கிடந்தது. ஏழு மாதமாக மூக்கில் டியூப், அதில் கஞ்சி. டியூபின் நுனியைக் காதில் செருகிக்கொண்டு நெய்தார். எதிரில் உட்கார்ந்து சாப்பிட மனசு வராமல், அவர் மனைவி காமாட்சி அக்கா அடுப்பங்கரையிலேயே நின்றபடி சாப்பிட்டு முடிப்பாராம்.

ஸ்கேன் பார்த்துக்கொண்டே அந்தத் தசையில் ஊசி போட்டுத் தளர்த்தலாம் என்றார் டாக்டர். அந்த மருந்தில் ஒரே ஒரு குப்பி ஐஸ் பெட்டியில் வந்திருந்தது.

அண்ணன் கழுத்தில் ஜெல் தடவிப் படுக்கவைத்தாயிற்று. டாக்டர், பொடி மருந்து இருந்த குப்பிக்குள் சலைன் ஏற்றி, ட்ரேயில் வைத்துவிட்டுக் கை கழுவப் போனார். நான் குனிந்து பார்த்தேன். அடியில் பொடி கரையாமல் இருப்பது போலத் தெரிந்தது. மறுபடி பார்த்தேன். இப்படியே ஏற்றி ஊசி அடைத்துக்கொண்டால் என்ன ஆவது? கை சும்மா இருக்கவில்லை. எடுத்துப் பத்துப் பதினைந்து தடவை நன்றாகக் குலுக்கி, இருந்த இடத்தில் வைத்துவிட்டேன். நுரை எழும்பி அடங்கியது.

டாக்டர் வந்து மருந்தை சிரிஞ்சில் ஏற்றினார். ஏற்றிக்கொண்டே பக்கத்திலிருந்த நர்ஸிடம், இந்த மருந்தைக் குலுக்கவே கூடாது, மெதுவாக உருட்டத்தான் வேண்டும், குலுக்கினால் வீரியம் போய்விடும் என்று சொல்லிக்கொடுத்தார்.

ஒருவேளை வீரியம் போயிருக்காதோ, சொன்னால் வேலை போய்விடுமோ என்று மனசு அலைந்தது. டாக்டர் ஸ்கேன் கருவியை அண்ணன் கழுத்தில் வைத்தார். ஊசி தோலுக்கு அருகே போய்விட்டது.

"மேடம், நான் அத குலுக்கிட்டேன்" என்றேன்.

ஊசி நின்றது. நுரை வந்ததா என்று கேட்டார். வந்தது என்றேன். சிரிஞ்சை ட்ரேயில் வைத்துவிட்டு, அண்ணனிடம் நடந்ததை அப்படியே சொன்னார். இந்த மருந்தை நம்பிப் போட முடியாது, அடுத்த மாதம் புதுக் குப்பி கொண்டுவருகிறேன் என்றார்.

கூட வந்திருந்த காமாட்சி அக்கா முந்தானையால் அண்ணன் கழுத்து ஜெல்லைத் துடைத்தார். "நல்லா பேஜார் பண்ணிட்டியேபா" என்றார், என்னைப் பார்க்காமலே.

அண்ணனுக்குக் கரகரத்த குரல். "உடுடி. ஏழு மாசம் ஓடிச்சி. இன்னும் ரெண்டு பொடவ நெய்ஞ்சிகினு இருந்தா, இந்த ஒரு மாசமும் ஓடிடும்" என்றார்.

டாக்டர் என்னை வெளியே கூப்பிட்டார். வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

"கேக்காம தொட்டது தப்பு. ஆனா இன்னிக்கு நீங்க பேசாம இருந்திருந்தா, இந்த மருந்து இவருக்குக் கேக்கலன்னு எழுதி ஆபரேஷனுக்கு அனுப்பியிருப்பேன்" என்றார்.

அடுத்த மாதம் ட்ரேயிலிருந்து நாலடி தள்ளி நின்றேன். திரையில் ஊசி முனை வெள்ளையாகத் தெரிந்தது, தசைக்குள் போனது. இரண்டு வாரம் கழித்து எடுத்த படத்தில் பேரியம் தேங்காமல் கீழே இறங்கியது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் குழைந்த சோறு, அப்புறம் இட்லி. டியூபை எடுத்தார்கள். சில மாதங்களில் தசைப் பிடிப்பு திரும்பியபோது மறுபடி வந்து ஊசி போட்டுக்கொண்டார்.

இந்த வேலைக்கு வருகிறவர்கள் ஒன்றை மட்டும் நினைவில் வையுங்கள். நாம் மறைக்கிற தப்பு நம்மோடு நிற்காது. நோயாளியின் கேஸ் ஷீட்டில், அவருடைய நோயாக ஏறிவிடும்.